இருபத்தைந்து லிட்டர் வெந்நீர்

எங்கள் வீட்டு ஹீட்டரைக் கருக்கியது யார் என்று தெரியாமலேயே மூன்று மாதத்துக்கு மேல் அந்த ஆளை வைது தீர்த்தேன். ஆள் தெரியாமல் வைவதில் ஒரு வசதி உண்டு. முகம் நினைவுக்கு வராது, வாய் கூசாது. "அந்தக் கை விளங்காமப் போக" என்று காலையில் ஆரம்பித்தால், வீட்டு வேலைக்கு வருகிற கருத்தம்மாள் கூட்டிப் பெருக்கி முடித்து வாளியைக் கவிழ்க்கிறவரை நிற்காது. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கம்பத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், சுபைதாவிடம் பேசி ஜெயிக்க முடியாது என்பார்கள். அறுபது வயதாகியும் அது அடங்கவில்லை. அதை முப்பத்தெட்டு வருடம் தாங்கிக்கொண்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான்.

அவர் பெயர் ராஜா முகம்மது. ஏலக்காய்த் தரகு. தினமும் காலையில் ஜீப் ஏறிக் குமுளிக்குப் போவார், பொழுது சாய இறங்குவார். அந்த மலைப் பனி நெஞ்சில் தங்கிவிட்டது. பச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு மேலே பட்டால் போதும், மூன்று நாளைக்கு இழுப்பு. அதனால் நான் பானையில் வெந்நீர் போட்டுக்கொண்டே இருந்தேன். 2001இல் தொழிலை விட்டு வீட்டோடு உட்கார்ந்ததும் அவருக்கு ஹீட்டர் ஆசை வந்தது.

மனுஷன் அதற்கு இரண்டு மாதம் அலைந்தார். தேனியில் கடை கடையாக ஏறி இறங்கினார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் பொறுமையானவர். குழாயைத் திறந்தவுடன் சுடுகிற மூன்று லிட்டர் ஹீட்டரைக் காட்டினார். "இது தேத்தண்ணி போடத்தான் ஆகும்" என்று இவர் ஒதுக்கிவிட்டார். அடுத்து, தண்ணீரைத் தேக்கிவைத்துச் சுடவைப்பது. பதினைந்து லிட்டர், இருபத்தைந்து லிட்டர் என்று இரண்டு அளவு இருந்தது.

"வீட்டுல எத்தன பேரு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டு பேருதான்" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"அப்ப பதினஞ்சே தாராளம்."

"இருபத்தஞ்சு குடுங்க" என்றார் இவர். "ஷர்மின் புள்ளைகளோட வந்தா பத்தாது."

ஷர்மின் எங்கள் ஒரே மகள். மஸ்கட்டில் இருக்கிறாள். "அவ வருசத்துக்கு ஒருக்க வந்து நாலு நாள் இருப்பா. அதுக்குப் போயி இம்புட்டுப் பெரிய அண்டாவா?" என்று கடையிலேயே சண்டை போட்டேன். இவர் கேட்டால்தானே. பெரியதைத்தான் வாங்கினார். ஷர்மின் அதற்கப்புறம் ஐந்து வருடத்தில் இரண்டு முறை வந்தாள்.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். போர் தண்ணீரில் உப்பு அதிகம், அது தண்ணீரைச் சுடவைக்கிற காயிலில் படிந்து படிந்து காயிலையே தின்றுவிடும், ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாயில் மாட்டுங்கள் என்றார். பெரியாற்றுத் தண்ணீர் எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடிக்கவே அதைப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது, குளிக்க எங்கே போவது? மாடித் தொட்டியில் போர் தண்ணீர்தான். ஆகவே வருடம் தவறாமல் கார்த்திகை பிறந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் கர்ணன் வருவார். ஹீட்டரைத் திறந்து உப்பைச் சுரண்டிவிட்டுப் போவார். இவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் சமையலறையை விட்டு வரமாட்டேன். கர்ணன் குரல் மட்டும் எனக்குத் தெரியும்.

2006இல் நோன்புப் பெருநாள் முடிந்து ஆறு நோன்பு வைத்துக்கொண்டிருந்தார். நான்காவது நோன்பன்று விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மதியத் தொழுகைக்குள் அடக்கமும் முடிந்தது. வீடு கொள்ளாத கூட்டம் வந்தது, சாயங்காலம் கலைந்தது. ஷர்மினுக்கு எட்டாவது மாதம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். போனில் அழுதாள். நானும் அழுதேன். அதற்குமேல் போனில் என்ன செய்வது?

அன்றிலிருந்து நான் இத்தா. எங்களில் புருஷன் மவுத்தானால் பெண்டாட்டி நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், வெள்ளைச் சேலையில், அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி வரலாம், பெண்கள் வரலாம். முதல் பத்து நாள் சொந்தக்காரப் பெண்கள் இருந்தார்கள். அப்புறம் அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கு. கருத்தம்மாள் காலையில் ஒரு மணி நேரம் வருவாள். மிச்ச நேரம் நானும் சுவரும். சில நாள் சாயங்கால அஸருத் தொழுகைக்கு நிற்கும்போதுதான், கருத்தம்மாள் போனதிலிருந்து நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது உறைக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்குப் பேச ஆள் வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சு அடைக்கும்.

வெள்ளிக்கிழமை மட்டும் என் தம்பி நத்தர்ஷா உத்தமபாளையத்திலிருந்து வருவான். ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு, பெண்சாதி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கோடு நேராக வந்து உட்காருவான். என்னைவிட நான்கு வயது இளையவன். ஆனால் எங்களைப் பெற்ற அத்தா போன நாளிலிருந்து அவன்தான் எனக்கு அத்தா மாதிரி நடந்துகொள்வான். வந்ததும் அதே பேச்சு.

"அக்கா, இத்தா முடிஞ்சதும் வீட்டைப் பூட்டிருவோம். நீ எங்கிட்ட வந்துரு."

"வரமாட்டேன்."

"ஒத்தையில என்னா செய்வ? ஒரு குழாய் ஒழுகுனாக்கூட ஆளைக் கூப்பிடணும். மச்சான் இருந்தாக, பாத்துக்கிட்டாக. நீ ஒரு பல்பு மாத்துவியா?"

"இருட்டுலயே இருந்துக்கிறேன்."

"சரி, நாலு மாசம் பாப்போம். இந்த வீட்டுல ஒரு சாமான் கெட்டு நின்னுச்சுன்னாலும் நான் சொல்றதைத்தான் கேக்கணும்."

"பாப்போம்டா" என்றேன். வாய்ச்சவடால். ஆனால் உள்ளே பயம்தான். அவன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது. அவன் பெண்சாதி நல்லவள். மூன்றாம் நாள் நானே அவளிடம் சண்டைக்குப் போவேன், அதுதான் சங்கடம். ஒரு டீ வேண்டுமென்றால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த வீடு என் நகையை விற்று அஸ்திவாரம் போட்ட வீடு. இதில் நான் நினைத்த நேரம் எழுந்து நினைத்ததைத் தின்பேன். இதை விட்டுவிட்டுப் போனால் நான் யார்?

கார்த்திகைக் குளிர் இறங்கியதும் ஒருநாள் ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். அரை மணி கழித்துக் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஜில்லென்று வந்தது. இன்னும் அரை மணி பார்த்தேன். அப்போதும் ஜில். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. யா அல்லாஹ், நத்தர் வாய் பலித்துவிட்டதே என்று சுவிட்சை நிறுத்தினேன்.

வெந்நீரைப் பானையில் காய்ச்சிக்கொள்ளலாம். அது பிரச்சினை இல்லை. கெட்டு நிற்கிற சாமான் தம்பி கண்ணில் படக் கூடாது, அதுதான் பிரச்சினை. கர்ணனுக்குப் போன் போட்டேன். வந்து வாசலில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உள்ள வந்து பாத்தாத்தானே பாயம்மா தெரியும்?"

"உள்ள வரக் கூடாது. நான் இத்தாவுல இருக்கேன்."

வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மார்க்கத்தில் போதும். எங்கள் தெருவில் போதாது. நான் இத்தா இருக்கிற அறைக்குள்ளேதான் அந்தக் குளியலறை. அங்கே ஓர் ஆண்பிள்ளை அரை மணி நேரம் இருந்தான் என்றால், கர்ணன் கடை திரும்பும் முன்னால் செய்தி உத்தமபாளையம் போய்விடும். நத்தர் அடுத்த பஸ்ஸில் பூட்டோடு வந்து நிற்பான்.

கர்ணன் கொஞ்சம் யோசித்தார். "பாத்ரூமுக்குப் பின்னாடி சந்து இருக்குல்ல? நான் அங்கன வந்து நிக்கிறேன். சன்னல் வழியாக் கேக்குறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க."

சந்துக்கு அந்தப் பக்கம் வாழைக்காய் மண்டியின் பின்சுவர். ஆள் நடமாட்டம் கிடையாது. குளியலறைச் சன்னல் உயரத்தில் கண்ணாடிப் பட்டைகளோடு இருந்தது. அதன் வழியாக அவர் குரல் வந்தது. கருத்தம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறினேன்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டீகளா?"

"பண்ணியாச்சு."

"அடியில மூடி இருக்கும். நாலு திருகு. கழட்டுங்க."

அரை மணி நேரம் ஆனது. நான்கு திருகுக்கு நாற்பது தடவை வைதேன். மூடியைக் கழற்றினால் உள்பக்கம் ஒரே கறுப்பு.

"கருகியிருக்கு" என்றேன்.

"அப்ப காயில் போச்சு. தண்ணி இல்லாம எரிஞ்சிருக்கு பாயம்மா. தொட்டி காலியாக் கெடக்கையில யாராச்சும் சுவிட்சைப் போட்டாகளா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மவுத்தான அன்றைக்கு வந்த கூட்டமெல்லாம் எங்கள் வீட்டில்தான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்தது. மாடித் தொட்டி சொட்டில்லாமல் காய்ந்தது. அன்றைக்கு எவனோ ஒருத்தன் கை கால் கழுவ வெந்நீர் கேட்டு சுவிட்சைத் தட்டிவிட்டு அப்படியே போயிருக்கிறான்.

"ஹீட்டருக்குள்ள இருந்த தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன்.

"தொட்டி காலியாகி, கீழ்க் குழாயும் திறந்து கெடந்தா, ஹீட்டர்த் தண்ணி வந்த வழியே திரும்பி இறங்கிரும். அதைத் தடுக்க ஒரு வால்வு இருக்கு. மாட்டுங்கன்னு சொன்னேன். பாய் வேணாம்ட்டாக."

இருபத்தைந்து லிட்டருக்குப் பிடிவாதம் பிடித்த மனுஷனுக்குக் கைப்பிடி அளவு வால்வுக்கு மனசு வரவில்லை பாருங்கள். அவர் மேல் அப்படிக் கோபம் வந்தது. ஸ்டூலில் நின்றபடியே "ஏன் வேணாம்னீக, ஏன் வேணாம்னீக" என்று சத்தம் போட்டேன். கருத்தம்மாள் "ஆத்தாடி, இறங்குங்க தாயி" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுது முடிக்கிறவரை கர்ணன் சன்னலுக்கு வெளியே நின்றார். பிறகு, "புதன்கிழமை வாரேன், கழட்டிருவோம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காயிலைக் கழற்றினோம். பெரிய ஸ்பேனரைக் கருத்தம்மாள் சந்துக்குச் சுற்றிப்போய் வாங்கிவந்தாள். ஒயரைக் கழற்றும் முன் எது எங்கே என்று அடையாளம் வைக்கச் சொன்னார். எனக்குத் தையல் தெரியும். ஒன்றில் வெள்ளை நூல், ஒன்றில் கறுப்பு நூல் கட்டினேன். பச்சை ஒயர் எர்த்து, அதற்கு நூல் வேண்டாம் என்றார்.

"தண்ணி வரப் பாதையை அடச்சுட்டீகளா?"

"அடச்சாச்சு."

"இப்ப அந்த நட்டை மெதுவா இளக்குங்க. மொத்தமாக் கழட்டிறாதீக. தண்ணி வடியட்டும்."

நான் எங்கே மெதுவாகச் செய்தேன்? ஒரே திருப்பு. கார்த்திகைத் தண்ணீர் முழுதும் என் தலையில் கொட்டியது. கருத்தம்மாள் தலையிலும் பாதி. நான் போட்ட கூச்சலில் வாழைக்காய் மண்டியில் யாரோ "என்னாய்யா அங்கன?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, குழாய் வேலை" என்றார் கர்ணன். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மவுத்தானபின் நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களோ என்று பயந்தேன்.

வெளியே வந்த காயிலைப் பார்க்க வேண்டுமே. வெள்ளை வெள்ளையாக உப்புக் கட்டி, சுண்ணாம்புச் சட்டியில் போட்டு எடுத்த மாதிரி. நடுவில் வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கம்பி, உப்பும் துருவும் ஹீட்டரை விட்டு அதைத் தின்று தீர்க்கட்டும் என்று வைப்பார்களாம். அதுவும் குச்சியாகக் கரைந்திருந்தது. ஹீட்டருக்குள் கைவிட்டு அடியில் கிடந்த உப்பை அள்ளினேன். ஒரு சட்டி தேறியது. இத்தனையையும் வருடா வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எனக்கு ஒருநாள்கூடக் காட்டவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நத்தர் வந்தபோது என் சேலையில் துருக்கறை.

"என்னக்கா இது?"

"சன்னல் கம்பி துடைச்சேன்."

"இதெல்லாம் நீ செய்யணுமா? பேசாம வந்துருக்கா."

"போடா, சோத்தைத் தின்னுட்டுப் போ" என்றேன். ஸ்பேனர் என் தலையணைக்கு அடியில் இருந்தது.

கர்ணன் மறு வாரம் தேனியிலிருந்து புதுக் காயிலும் கம்பியும் ரப்பர் வாசரும் வாங்கிவந்தார். வால்வு மாட்ட வேண்டிய குழாய் சந்துச் சுவரில் வெளியே ஓடுவதால் அதை அவரே மாட்டிவிட்டார். மற்றதெல்லாம் நான். வெள்ளை நூல் ஒயர் வெள்ளை இருந்த இடத்தில், கறுப்பு கறுப்பு இருந்த இடத்தில்.

"உடனே சுவிட்சுப் போட்றாதீக. வெந்தண்ணிக் குழாயைத் திறந்து வைங்க. காத்துப் போயி, தண்ணி விடாம ஊத்தணும். அப்பத்தான் ஹீட்டர் ரொம்பியிருக்குன்னு அர்த்தம். எந்தக் காலத்துலயும் இது முக்கியம்."

குழாய் முதலில் கனைத்தது, துப்பியது, பிறகு நிற்காமல் ஊற்றியது. மெயினைப் போட்டு சுவிட்சையும் போட்டேன். சுடுகிறதா என்று தெரிய இருபது நிமிடம் ஆகும். கருத்தம்மாளுக்கு வேறு வீட்டு வேலை, போய்விட்டாள். கர்ணன் சந்தில் நின்றார். நான் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். நடுவில் சுவர்.

"பாய் இருந்தா இந்நேரம் கதை சொல்லிக்கிட்டிருப்பாக" என்றார்.

"என்ன கதை?"

"ஒங்களப் பத்தித்தான். 'எம் பொண்டாட்டி வஞ்சான்னா தெருநாய் கூட ஒதுங்கும்யா'ம்பாக."

"அடப் பாவி மனுஷா. இதையா சொன்னாக?"

"சந்தோசமாத்தான் சொல்லுவாக."

இன்னும் என்ன சொன்னார் என்று கேட்டுக் கேட்டு அந்த இருபது நிமிடத்தையும் வாங்கிக்கொண்டேன். தண்ணீர் சுட்டது. ஆவி பறக்கச் சுட்டது. கர்ணன், "அவ்வளவுதான் பாயம்மா, இனி வர்ற கார்த்திகைக்கு உப்புச் சுரண்டினாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டிச் சத்தம் சந்தைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. இனி ஒரு வருடத்துக்கு யாரும் அந்தச் சன்னலுக்கு வரமாட்டார்கள் என்பதுதான் மனதில் நின்றது. பத்து நாள் கழித்து, சூடு எந்த எண்ணில் வைப்பது என்று கேட்க அவருக்குப் போன் போட்டேன். எனக்கு அது தெரியும். கேட்டுவிட்டு, என் மேலேயே எரிச்சலாகி வைத்துவிட்டேன்.

தை போனது, மாசியும் பாதிக்கு மேல் போனது. ஷர்மினுக்கு மார்கழியிலேயே ஆண்பிள்ளை பிறந்திருந்தது. போனில் குழந்தை அழுவதைக் கேட்கவைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் நத்தர் வந்தான், கூப்பிட்டான். நான் மறுத்தேன். அவன் குரலை உயர்த்துவான், நான் அதைவிட உயர்த்துவேன். வாரம் முழுக்கப் பூட்டிக்கிடந்த வாய்க்கு அது ஒரு திருவிழா. வியாழக்கிழமையே, நாளைக்கு என்ன சொல்லி மடக்கலாம் என்று யோசித்து வைப்பேன்.

இத்தா முடிந்த நாள் ஒரு சனிக்கிழமை. நத்தரும் அவன் பெண்சாதியும் காலையிலேயே ஆம்னி வேனில் வந்தார்கள். பின் சீட்டைக் கழற்றி, கயிறு எல்லாம் கொண்டுவந்திருந்தான். என் பீரோவை ஏற்றத்தான். எனக்கு இலைப்பச்சையில் ஒரு புடவை. அன்றைக்குக் குளித்து வெள்ளையை மாற்றிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

"மதினி, குளிக்க வெந்தண்ணி போடவா? பானை எங்க இருக்கு?" என்று அவன் பெண்சாதி சமையலறைக்குப் போனாள்.

"பானை எதுக்கு? ஹீட்டருல கொதிக்கக் கொதிக்க இருக்கு" என்றேன் நான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று மாதம் காத்திருந்தேன்.

நத்தர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "ஹீட்டரா? அதுதான் கருகிப் போச்சே."

"கருகிப் போச்சுன்னு ஒனக்கு யாருடா சொன்னது?"

நான் யாரிடமும் சொன்னதில்லை. கருத்தம்மாளும் கர்ணனும் வாய் திறக்கிற ஆட்கள் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். வெளிறிவிட்டது. கயிற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நாந்தான்க்கா" என்றான்.

நான் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"மச்சான் மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணி எடுத்து வச்சாக. தொட்டுப் பாத்தேன், ஐஸாட்டம் இருந்துச்சு. மச்சான் உசுரோட இருக்கையில ஒரு சொம்பு பச்சத் தண்ணி தாங்க மாட்டாகளே. துக்க வீட்டுல அடுப்பு மூட்டலை. நீ கூடத்துல பொம்பளைகளோட இருந்த. நான் உள்ள போயி சுவிட்சைப் போட்டேன். வாளி வாளியா நாந்தான் பிடிச்சுக் கொடுத்தேன். இருபத்தஞ்சு லிட்டரும் அவுகளுக்கே ஆச்சு. இன்னொரு ஈடு வேணுமோன்னு நிறுத்தாம விட்டுட்டேன். அப்பிடியே கபர்ஸ்தானுக்குத் தூக்கிட்டாக. திரும்பி வந்தா கருகுன வாடை. நிறுத்திட்டேன். ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றது? அவுக ஆசையா வாங்குன சாமானை அன்னைக்கே பாழாக்கிட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

அவருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயம். நான்கு மாதமும் அதுதான் என்னை அரித்தது. கண்ணை மூடினால் அவர் மேல் பச்சைத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். இதோ என் தம்பி, இளஞ்சூடாக, கை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அந்தக் கையைத்தான் விளங்காமல் போக என்று தினமும் வைதிருக்கிறேன். யா அல்லாஹ், நான் சொன்னது எதையும் ஏற்றுக்கொள்ளாதே. அவன் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். அவன் பெண்சாதி சமையலறை நிலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிறகு எல்லாம் சொன்னேன். சந்து, சன்னல், ஸ்பேனர், நூல் கட்டியது, தலையில் தண்ணீர் கொட்டியது. நத்தர் உள்ளே போய் ஹீட்டரை அண்ணாந்து பார்த்தான். குழாயைத் திறந்து கையை நீட்டினான். சுட்டதும் இழுத்துக்கொண்டான்.

"இம்புட்டையும் நீயே கழட்டி நீயே மாட்டியிருக்க. ஒன்னயப் போயி பல்பு மாத்துவியான்னு கேட்டேன்" என்றான். "பந்தயம் நீதான் ஜெயிச்ச. இனிமே வா வான்னு சொல்ல மாட்டேன்க்கா. இங்கனயே இரு. ஒன் வீடு."

குளித்தேன். வெந்நீரில் ஆசை தீரக் குளித்தேன். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் வேனுக்குள் சீட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட்டார்கள். நான் நிறையப் பேசினேன். அவன் குறைவாகப் பேசினான். நான் என்ன சொன்னாலும் சரி சரி என்றான். சண்டைக்கு ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன், அதற்கும் சரி என்றான்.

"வெள்ளிக்கிழமை வருவேல்ல?" என்று வாசலில் கேட்டேன். வாசலில் நின்று நான்கு மாதமாகியிருந்தது, வெயில் கண்ணைக் குத்தியது.

"இத்தாதான் முடிஞ்சிருச்சேக்கா. இனி நீயே அங்கன இங்கன போகலாம். முடிஞ்சப்ப வாரேன்."

அவன் பெண்சாதி ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மாட்டிய சீட்டு காலியாக இருந்தது. நத்தர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான். என்னைப் பார்த்தான். சொல்லுவான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எப்போதும் போல ஒரே ஒரு தடவை "வாக்கா" என்றிருந்தால், வீட்டைப் பூட்டாமல்கூட ஏறியிருப்பேன். அவன் வாக்கைக் காப்பாற்றுகிறவன். சலாம் சொல்லிவிட்டு ஏறினான். நானும் பதில் சலாம் சொன்னேன்.